குழியைச் சொல்லலாம், தோண்டியவரைச் சொல்லக்கூடாது

மல்லேஸ்வரத்துக் குடிமகன் ஒருவர் காலையில் காபியோடு உட்கார்ந்து ஏதாவதொரு தனியார் எஃப்எம்மைத் திருகினால், தன் ஊரைப் பற்றிச் சட்டப்படி என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்? பட்டியலை நான் போடவில்லை. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2011-ல் வெளியிட்ட மூன்றாம் கட்ட எஃப்எம் கொள்கையிலேயே இருக்கிறது. சாலை நெரிசலைச் சொல்லலாம். வானிலை சொல்லலாம். விளையாட்டு, கலைவிழா, திருவிழா, பரீட்சை முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு எல்லாம் சொல்லலாம். மின்வெட்டு, தண்ணீர், வெள்ளம், நோய் எச்சரிக்கை கூடச் சொல்லலாம். ஆனால் உள்ளூர் நிர்வாகம் எழுதிக் கொடுத்த அறிவிப்பாக. இவ்வளவுக்கும் பெரிய மனதோடு அனுமதி தந்த காரணம், இவை எதுவும் 'செய்தி' இல்லையாம்.

செய்தியே வேண்டுமென்று அடம்பிடித்தால் அதற்கும் வழி உண்டு. ஆகாசவாணி தயாரித்த செய்தியறிக்கையை ஒரு சொல் மாற்றாமல், முன்னும் பின்னும் வெட்டாமல் அப்படியே ஒலிபரப்பிக்கொள்ளலாம். சொந்தமாக ஒரு நிருபரை எட்டாவது கிராஸ் மார்க்கெட்டுக்கு அனுப்பி, அங்கே நடந்ததைக் கேட்டு வந்து, சாயங்காலம் நாலு வரி வாசித்தால் அது விதிமீறல். உரிமத்துக்கே ஆபத்து.

ஆகவே நம் ஆர்ஜே என்ன செய்கிறார்? "குட் மார்னிங் பெங்களூரு! மார்கோசா ரோட்ல வண்டி நகரவே இல்லையாம் குரு! டென்ஷன் ஆகாதீங்க, அதுவரைக்கும் ஒரு சூப்பர் பாட்டு!" ஏன் நகரவில்லை என்று சொல்லமாட்டார். குழி இருக்கிறது, அதனால் நகரவில்லை. குழியைத் தோண்டியது யார், எந்த ஒப்பந்தக்காரர், மூடியதாகக் கணக்கு எழுதிப் பணம் வாங்கியாகிவிட்டதா? இந்தக் கேள்விகளில் முதலாவதை ஒலிவாங்கி முன்னால் கேட்ட மாத்திரத்தில், அந்தப் பிள்ளை போக்குவரத்துத் தகவலை விட்டுத் தேசப் பாதுகாப்புக்குள் கால் வைத்துவிடுகிறது. எனவே பாட்டு.

பாட்டு ஓடிக்கொண்டிருந்த வேளையில் ஊரில் நடந்தவற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

2020 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடத்த வேண்டிய அரசுகள் வார்டு எல்லையை வரைந்தன, அழித்தன, மறுபடி வரைந்தன. கட்சி மாறி ஆட்சி மாறியும் வரைபடம் மட்டும் முடியவில்லை. 2025-ல் மாநகராட்சியையே கலைத்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையம் என்ற குடையின்கீழ் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். ஒன்றாக இருந்த மாநகராட்சி ஐந்தாகப் பிறந்த அன்று, ஐந்திலும் சேர்த்து மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. வார்டில் சாக்கடை பொங்கினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஐந்து வருடம் போயிற்று. விதிப்படி, குப்பை வண்டி வரும் நேரத்தை நிர்வாகம் கொடுத்தால் வானொலி வாசிக்கலாம். வண்டி வரவே இல்லை என்று பதினைந்தாவது கிராஸ் பெண்மணி சொன்னால் அது 'நடப்பு விவகாரம்'. நடப்பு விவகாரம் தனியார் வானொலிக்கு ஆகாது.

அடுத்தது சாங்கி ஏரி. 1882-ல் வெட்டிய ஏரியின் ஓரமாகப் போகும் சாலையை அகலப்படுத்தி மேம்பாலம் கட்ட ஒரு திட்டம் வந்தது. மரங்கள் போகும் என்று தெரிந்ததும் மல்லேஸ்வரத்துக்காரர்களும் சதாசிவநகர்க்காரர்களும் கூடினார்கள். 2023 பிப்ரவரியில் குழந்தைகளோடு அமைதியாக நடந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். போலீஸ் அவர்கள்மீது வழக்குப் பதிவு செய்தது. வானொலி இதில் சொல்ல உரிமையுள்ள செய்தி ஒன்றே ஒன்று: சாங்கி ரோட்டில் கூட்டம், மாற்றுப் பாதையில் செல்லவும். மரம் வெட்டப்போகிறார்கள் என்பது செய்தி. மரத்துக்காக மனிதர்கள் நடந்ததால் கார்கள் நின்றன என்பது மட்டும் தகவல். காரில் இருப்பவருக்கு எது தெரிய வேண்டும் என்று தில்லி எவ்வளவு கச்சிதமாக யோசித்திருக்கிறது பாருங்கள்.

மூன்றாவது, பழைய ராஜா மில் நின்ற இடத்தில் எழுந்திருக்கும் மந்த்ரி மால். 2021-லும் 2024-லும் சொத்துவரி பாக்கிக்காக மாநகராட்சி அதற்குப் பூட்டுப் போட்டது. பாக்கி பல கோடி. அந்த மாலில் உள்ள கடை ஆடித் தள்ளுபடி போட்டால் எஃப்எம் காசு வாங்கிக்கொண்டு நாள் முழுக்கக் கூவலாம். மால் கட்டாத வரியைப் பற்றித் தானாக விசாரித்து ஒரு வரி சொல்லக்கூடாது. நூறு ரூபாய் தள்ளுபடி பொழுதுபோக்கு, கோடிக்கணக்கில் பாக்கி என்றால் அது அரசியல்.

இதுவரை சிரித்தோம். இனிமேல் சிரிக்க முடியாது. 2025 ஜூன் 4 அன்று கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்துக்காகச் சின்னசாமி மைதானத்தின் வாசலில் கூடிய கூட்டத்தில் 11 பேர் நசுங்கிச் செத்தார்கள். அன்று வெற்றி ஊர்வலம் உண்டா இல்லையா என்பதில் போக்குவரத்துப் போலீஸ் ஒன்று சொன்னது, அணி நிர்வாகம் வேறொன்று சொன்னது. இரண்டும் கைப்பேசியில் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு போயின. பிள்ளைகள் சம்பிகே ரோடு நிலையத்திலும் வேறு நிலையங்களிலும் மெட்ரோ ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். "ஊர்வலம் ரத்து, இடம் நிரம்பிவிட்டது, திரும்பிப் போங்கள்" என்று விசாரித்து உறுதிப்படுத்தி, அடித்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு குரல் இந்த ஊருக்கு இருந்திருக்க வேண்டும். எஃப்எம் நிலையம் அரை டஜனுக்கு மேல் உள்ள ஊர் இது. ஆனால் செய்தியே கூடாது என்று சட்டம் போட்டுவிட்ட நிலையத்தில் எவன் நிருபர் வைத்திருப்பான்? விசாரிக்கும் பழக்கமே இல்லாமல் இருபத்தைந்து வருடம் வளர்த்த பிள்ளையிடம், அந்த ஒரு நாள் மட்டும் விசாரித்துச் சொல் என்றால் எங்கே போய்ச் சொல்லும்?

இந்தத் தடைக்கு அரசு சொல்லும் காரணம் பாதுகாப்பு. 'காமன் காஸ்' அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் மத்திய அரசு வைத்த வாதம் இது: இத்தனை வானொலிகளின் செய்தியைக் கண்காணிக்க ஏற்பாடு கிடையாது, தீவிரவாதப் போக்குள்ளவர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள். நல்லது. கிட்டத்தட்ட 400 செய்தித் தொலைக்காட்சிகளுக்கு அனுமதி கொடுத்து, ராத்திரி ஒன்பது மணிக்கு எட்டுப் பெட்டிக்குள் எட்டுப் பேரை உட்கார வைத்து நாட்டையே ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடும்போது பாதுகாப்பு எங்கே படுத்துத் தூங்கியது என்று தெரியவில்லை. யூடியூபில் யாரும் எதையும் பேசலாம். செய்தித்தாளில் எழுதலாம். அதே செய்தித்தாள் நிறுவனம் நடத்தும் எஃப்எம் மட்டும் அதே செய்தியை வாய்விட்டு வாசித்தால் தேசம் ஆட்டம் காணுமாம். அச்சிட்டால் ஆபத்தில்லாத வரி, காதில் விழுந்தால் வெடிகுண்டாகிறது.

வதந்தி என்று பயம் காட்டுகிறவர்களுக்கு இதே ஊரின் நினைவு ஒன்று. 2012 ஆகஸ்ட் நடுவில், வடகிழக்கு மாநிலத்தவர்களை அடிக்கப்போகிறார்கள் என்று ஒரு புரளி பெங்களூரில் பரவியது. பரப்பியது வானொலி இல்லை, குறுஞ்செய்தி. சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு மெஜஸ்டிக் ரயில் நிலையத்தில் நின்றார்கள், சிறப்பு ரயில் விட வேண்டியதாயிற்று. அரசு கண்டுபிடித்த மருந்து, நாட்டில் யாரும் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது என்பது. 120 கோடிப் பேரின் கட்டைவிரலைக் கட்டிப்போட்டார்கள். ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டே எஃப்எம் கேட்டுக்கொண்டிருந்த அசாம் பையனிடம், "நம் ஆள் உன் தெருவில்தான் நிற்கிறார், இங்கே ஒன்றும் நடக்கவில்லை, போகாதே தம்பி" என்று சொல்ல நிருபர் உள்ள ஒரு வானொலி இருந்திருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. புரளிக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டு மறுப்புக்கு மட்டும் தடை போடும் பாதுகாப்பு இது.

அக்கம்பக்கத்தில் என்ன நிலை? இலங்கையில் போர் நடந்தது. குண்டு வெடித்தது, பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டார்கள், அரசு மிரட்டியது. அங்கேயும் சூரியன் எஃப்எம்முக்கும் சக்தி எஃப்எம்முக்கும் செய்திப் பிரிவு இருந்தது. நேபாளத்தில் 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, எஃப்எம் வானொலிகள் செய்தி சொல்லக்கூடாது என்று ஆணையிட்டார். வானொலிக்காரர்கள் தெருவில் நின்று செய்தி வாசித்தார்கள். பேசத்தானே தடை என்று செய்தியைப் பாட்டாகப் பாடினார்கள். கடைசியில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, மன்னராட்சியே போய்ச் சேர்ந்தது. ஒரு மன்னர் நெருக்கடிநிலை அறிவித்துச் செய்ய வேண்டியிருந்த காரியத்தை, உலகின் பெரிய ஜனநாயகம் எந்த அறிவிப்பும் இல்லாமல், பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்துச் சொல்லிக்கொண்டே, 2001 ஜூலையில் பெங்களூரில் நாட்டின் முதல் தனியார் எஃப்எம் தொடங்கிய நாளிலிருந்து செய்துவருகிறது. நேபாளத்துக்காரர்கள் செய்தியைப் பாடினார்கள். நம்மவர்கள் செய்திக்குப் பதிலாகப் பாடுகிறார்கள்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். 2015 ஏலத்தில் பெங்களூரின் ஓர் அலைவரிசை சுமார் 109 கோடி ரூபாய்க்குப் போனது. 109 கோடி கொடுத்து வாங்கியது என்ன? வாயை மூடிக்கொள்ளும் உரிமை. அந்த முதலாளிகளுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம், அவர்களும் விடவில்லை. செய்தி என்றால் சம்பளம், வழக்கு, அமைச்சரின் கோபம். பாட்டு என்றால் விளம்பரம். தடை அவர்களுக்குச் சௌகரியமான சாக்கு. தாலி கட்டிய இரண்டு பேரும் சம்மதித்து வாழும்போது நடுவில் ஊர் எதற்கு?

காசில்லாதவர்கள் கதை இன்னும் கேவலம். 1996-ல் இதே பெங்களூரில் பலர் கூடி, மக்கள் சமூகங்களுக்கு வானொலி வேண்டும் என்று பிரகடனம் வெளியிட்டார்கள். கோலார் மாவட்டத்துப் பூதிகோட்டையில், ஹைதர் அலி பிறந்த ஊரில், 'நம்ம த்வனி' என்று கிராமத்துப் பெண்கள் ஒரு வானொலி தொடங்கினார்கள். காற்றில் ஒலிபரப்ப அனுமதி கிடைக்காததால் கேபிள் கம்பி வழியாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். கம்பியில்லாத் தந்தி கண்டுபிடித்து நூறு வருடம் கழித்துக் கம்பி இழுத்து வானொலி கேட்க வைத்த பெருமை நம் குடியரசையே சேரும். இத்தனைக்கும், அலைவரிசைகள் மக்களின் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தாயிற்று. 2006-ல் சமுதாய வானொலிக்குக் கதவைத் திறந்தார்கள். திறந்த கையோடு அதே பூட்டையும் மாட்டினார்கள்: செய்தி கூடாது. மிளகாய்க்கு மருந்தடிப்பது எப்படி என்று சொல்லலாம். மருந்து ஏன் கடையில் இல்லை என்று கேட்கக்கூடாது.

இந்தப் புத்தி சுதந்திரத்தோடு வந்த சொத்து. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டி என்ற தனிமனிதர் 1924-ல் ஒரு வானொலிக் கழகம் தொடங்கினார். பணமில்லாமல் அது நின்றதும், கருவியைச் சென்னை மாநகராட்சி பெற்று 1930 முதல் தானே வானொலி நடத்தியது. ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பு, மெரினாவில் ஒலிபெருக்கி. ஒரு முனிசிபாலிட்டி! 1935-ல் மைசூரில் கோபாலசுவாமி என்ற உளவியல் பேராசிரியர் தம் வீட்டிலேயே ஒலிபரப்பி வைத்து ஊருக்குப் பேசினார். அந்த நிலையத்தின் பெயர்தான் ஆகாசவாணி. பிறகு இந்திய அரசு பெயரை எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்து பேசும் உரிமையை மட்டும் திருப்பித் தரவில்லை.

எடுத்துக்கொண்ட பிறகு என்ன ஆயிற்று? 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்று அதை வானொலியிலிருந்து விரட்டினார். ஹார்மோனியத்துக்கு 1940-ல் வெள்ளையர் ஆட்சி போட்ட தடையைச் சுதந்திர இந்தியா 1971 வரை பத்திரமாகக் காப்பாற்றியது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊசியை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். கொழும்பு கொழித்தது. 1957-ல் வேறு வழியின்றி விவித் பாரதி பிறந்தது. பாட்டு கேட்க விடாதபோது நம் தாத்தா பாட்டிகள் கோபித்துக்கொண்டு வேறு நாட்டைக் கேட்டார்கள். தபால் ஆபீஸில் வருஷம் 15 ரூபாய் கட்டி, ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்து, அந்தப் பெட்டியிலேயே அரசாங்கத்தை அணைத்துவிட்டுக் கொழும்பைப் போட்டார்கள். அவர்களுக்கு இருந்த ரோஷம் நமக்கு இல்லை.

நமக்கு இருப்பது நினைவேக்கம். மல்லேஸ்வரத்தில் அது டன் கணக்கில் கிடைக்கும். சிடிஆர் ஓட்டலில் பென்னே தோசைக்கு நிற்கும் வரிசையில் காதைக் கொடுத்தால் போதும். "அந்தக் காலத்து ரேடியோ மாதிரி வருமா சார்? சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தால் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். இலங்கை வானொலியின் மயில்வாகனன்! கே.எஸ். ராஜா! அப்துல் ஹமீதின் தமிழ்!" கண் கலங்கும், வெண்ணெய் உருகும், தோசை வரும். அந்தப் பழைய மர்பி ரேடியோவைத் துடைத்துக் கூடத்து அலமாரியில் அலங்காரமாக வைத்திருப்பார்கள். உள்ளே வால்வு செத்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

இலங்கை வானொலியில் நாம் நினைவு வைத்திருப்பது 'பொங்கும் பூம்புனல்'. நாம் மறந்துபோனது மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் மைத்துனர், தகனம் இத்தனை மணிக்கு, இன்ன மயானத்தில் என்று ஒரு சாதாரண மனிதனின் சாவை, அவன் ஊர்ப்பெயர் சொல்லி, உறவெல்லாம் சொல்லி, நாடு முழுவதும் கேட்க வாசித்தார்கள். சினிமாப் பாட்டுக்கு நடுவில் அந்தக் குரல் வந்ததும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டது வீடு. அதுதான் ஊர்ச்செய்தி. வானொலியை நாம் நேசித்தது பாட்டுக்காக மட்டும் என்று இப்போது நம்மையே நாம் ஏமாற்றிக்கொள்கிறோம். நம் தெருவில் யார் செத்தார், எந்தக் கிணறு வற்றியது, எவன் பணத்தைத் தின்றான் என்று சொல்லக்கூடிய ஒரு குரல் அந்தப் பெட்டிக்குள் இருக்க முடியும் என்பதே மறந்துபோயிற்று.

மறதி அரசுக்கு எவ்வளவு வசதி! தடை போட்டவர்களை யாரும் கேட்பதில்லை. காலம் மாறிவிட்டது, கைப்பேசி வந்துவிட்டது, வானொலி தானாகச் செத்துவிட்டது என்று நாமே மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டோம். அது சாகவில்லை சாமி. வாயில் துணி அடைத்திருக்கிறது. எடுக்க வேண்டியவர்கள் நாம். நாம் அதன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு ஃபில்டர் காபி குடித்துக்கொண்டிருக்கிறோம்.

துணியை எடுக்க ஒரு வழியும் எழுதப்பட்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் எஃப்எம் நிலையங்கள் மணிக்குப் பத்து நிமிடம் செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பலாம் என்று பரிந்துரைத்தது. புரட்சிக்காரர்கள் யாரும் எழுதியதல்ல, அரசின் சொந்த ஆணையம் எழுதியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை கூடி, 234 புது ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. தாய்மொழியில் உள்ளூர் விஷயங்கள் பெருகும் என்று பெருமையாக அறிக்கை விட்டார்கள். ஏலம் நினைவிருந்தது. பத்து நிமிடம் நினைவில்லை. உள்ளூர் மொழி வேண்டும், உள்ளூர்ப் பாட்டு வேண்டும், உள்ளூர் விளம்பரக் காசு வேண்டும். உள்ளூர்ச் செய்தி மட்டும் வேண்டாம். ஆனால் மாதம் ஒருமுறை பிரதமரின் மனதின் குரல் தில்லியிலிருந்து தவறாமல் வரும். அவர் மனதில் உள்ளது நமக்குத் தெரிந்தாக வேண்டும். நம் வார்டில் உள்ளது அவருக்கு மட்டுமல்ல, நமக்கே தெரியக்கூடாது.

ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும் எம்.பி. வேட்பாளரிடம், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், கேட்க இந்த ஒரு கேள்வி போதும்: மணிக்குப் பத்து நிமிடம் எங்கே? அந்தப் பத்து நிமிடத்தில் குழியையும் தோண்டியவரையும் சேர்த்துச் சொல்லட்டும். மீதி ஐம்பது நிமிடமும் பி.பி. ஸ்ரீனிவாஸைப் போடுங்கள். ராஜ்குமார் ரசிகரும் ஜெமினி ரசிகரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, உங்களுக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காமல், அழுதுகொள்கிறோம்.